சாமான் அறையில் ஒரு நாற்காலி

ஜூன் 9

அன்புள்ள சின்னவளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது.

ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த வருஷம் உனக்கு மறந்திருக்காது. ஆளாளுக்கு மூக்கில் துணி கட்டிக்கொண்டு திரிந்தோம். என் இடது கண் ஆபரேஷனை ஆஸ்பத்திரிக்காரர்கள் மூன்று தடவை தள்ளிப் போட்டார்கள். உன் அம்மா போய்ச் சேர்ந்ததும் அந்த வருஷம்தான். நாலு பேருக்கு மேல் கூடக்கூடாது என்றார்கள். நீ போனில் பார்த்து அழுதாய். எனக்கு அழுகைச் சத்தம் கேட்கவில்லை, வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அம்மா போன பதினோராம் நாள், மாடிப்படிக்குக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்குப் பிள்ளை பிறந்தது. ஆம்புலன்ஸ் வருகிறது வருகிறது என்று சொல்லியே பொழுது போய்விட்டது. குழந்தைக்கு மூச்சு வரத் தாமதமாகிவிட்டது. அதனால் கால் சரியாக நிற்காது, நாக்கு மெதுவாகத் திரும்பும். மற்றபடி அறிவுக்கு ஒரு குறையும் இல்லை.

நாலு கால் சட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நான் துணி காயப்போட்டால் கீழே நின்றுகொண்டு, "தாத்தா, கோணல். இழு" என்பாள். அதனால் மேஸ்திரி என்று பெயர் வைத்திருக்கிறேன். அவளும் அந்தப் பெயருக்குத்தான் திரும்புகிறாள்.

சலவைக்கடைக்குப் பக்கத்தில் உங்கள் நிர்வாகத்துப் பாலர் பள்ளி இருக்கிறதே, அங்கே ஜனவரியில் சேர்த்தார்கள். பள்ளி வாசலில் பெரிய படம் மாட்டியிருக்கிறார்கள். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி சிரிக்கிறாள். கீழே ஏதோ எழுதியிருந்தது. கேட்டேன், "எல்லாக் குழந்தைக்கும் இங்கே இடம் உண்டு" என்று படித்துக் காட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் மகள் கையில் இருபத்திரண்டு பாலர் பள்ளிகள், அதில் ஒன்று இது என்று சலவைக்காரனிடம் பீற்றிக்கொண்டேன்.

போன மாதம் பிள்ளையின் கவுனில் பினாயில் வாடை. அவள் அம்மா கேட்டாளாம், "இன்னைக்கு என்னடி சொல்லிக்கொடுத்தாங்க?"

"வெங்காயம்."

"வெங்காயமா? பாட்டா?"

"ஆயா உரிச்சாங்க. நான் எண்ணினேன்."

மறுநாள் பிள்ளையை அழைக்க நான் போனேன். வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கை தட்டுகிறார்கள். மேஸ்திரி அங்கே இல்லை. சாமான் அறையில் இருந்தாள். படுக்கைப் பாய் கட்டுகள், சக்கரம் போன மூன்று சக்கர வண்டி, பினாயில் கேன், நடுவில் ஒரு குட்டி நாற்காலி. ஜன்னல் என் தலைக்கு மேலே இருக்கிறது. அவளுக்கு எங்கே தெரியும்? சுவருக்கு அந்தப்பக்கம் பாடும் பாட்டுக்கு இவள் இங்கே தனியாகக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

தலைமை டீச்சரைக் கேட்டேன். "தலைமை அலுவலகம் சொன்னபடிதான் பெரியவரே" என்றாள். தலைமை அலுவலகம் என்றால் நீதானே? உனக்குத் தெரியாமல் எவளோ இந்த வேலை பண்ணியிருக்கிறாள். கூப்பிட்டு நாலு வார்த்தை கேள். பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்கச் சொல். வேறொன்றும் நான் உன்னிடம் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

இப்படிக்கு அப்பா. இடது பெருவிரல் ரேகை.


ஜூன் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறீர்களா, இல்லை, போன தடவை மாதிரி தீர்ந்துபோன பாட்டிலை அலமாரியில் வைத்து எனக்குக் கணக்குக் காட்டுகிறீர்களா? காது மிஷினையும் பெட்டிக்குள் வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். அதை மாட்டிக்கொண்டால் நாம் ஏன் கடிதம் எழுத வேண்டும்? போனில் உங்கள் குரலைக் கேட்டு எத்தனை மாதம் ஆகிறது.

மருந்துக்கடை மாமாவின் கையெழுத்து இந்தத் தடவை அச்சு மாதிரி இருக்கிறது. கண்ணாடி மாற்றினாரா?

அந்தக் குழந்தை விஷயம் விசாரிக்கிறேன் அப்பா. கவலைப்படாதீர்கள்.

மாமா, இதற்குப் பிறகு வருவதை அப்பாவுக்கு அப்படியே படிக்க வேண்டாம். நீங்கள் பார்த்துப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அந்தக் குழந்தையை ஒரு பருவத்துக்கு மட்டும்தான் சேர்த்தோம். மார்ச்சில் நிர்வாகக் குழு பார்வைக்கு வந்தது. எல்லாரையும் சேர்க்கிறோம் என்று காட்ட ஒரு குழந்தை தேவைப்பட்டது. படம் எடுத்தோம், மாட்டினோம். அதோடு சரி. ஒரு டீச்சர், ஒரு ஆயாவை வைத்துக்கொண்டு அந்த மாதிரிக் குழந்தையை வகுப்பில் வைத்துச் சமாளிக்க முடியாது. என்ன செய்தாலும் அதற்குப் பெரிதாக ஒன்றும் வரப்போவதும் இல்லை. ஊரின் அந்தக் கோடியில் சிறப்பு மையம் ஒன்று இருக்கிறது, இரண்டு பேருந்து மாற வேண்டும், அங்கே அனுப்பிவிடலாம் என்று இருக்கிறோம். தாய்க்கு இப்போதே தெரிந்தால் தெருவைக் கூட்டிவிடுவாள். தையல்காரிதானே, படிக்கத் தெரிந்திருக்காது. தானாகவே விலக்கிக்கொள்வதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் பிரச்சினை முடிந்தது. அப்பா அந்தக் குழந்தையிடம் ரொம்ப ஒட்டிக்கொண்டார் போலிருக்கிறது. மெல்ல மெல்ல விலக்கிவிடுங்கள் மாமா. உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அன்பு மகள்,
சின்னவள்


ஜூன் 20

சின்னவளுக்கு,

மருந்துக்கடைக்காரர் போன மழைக்காலத்திலேயே கடையைக் கொடுத்துவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். உனக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், எனக்கு எல்லா எழுத்தும் எறும்பு ஊர்ந்த தடம் மாதிரிதான். ஆளுக்கு ஆள் எழுத்து மாறும், அதைப் பார்த்து நீ கண்டுபிடிப்பாய், கண்டுபிடித்தும் தப்பாகக் கண்டுபிடிப்பாய் என்றெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

என் கடிதத்தை இப்போது எழுதுவதும், உன் கடிதத்தை எனக்குப் படிப்பதும் தையல்காரம்மா. பன்னிரண்டாவது வரை படித்தவள்.

உன் கடிதத்தை அவள்தான் படித்தாள். மிஷினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, என் காதோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, உரக்கப் படித்தாள். சொட்டு மருந்து வரைக்கும் சிரித்துக்கொண்டே படித்தாள். "மாட்டிக்கிட்டீங்களா ஐயா" என்று என்னைக் கிண்டல் வேறு பண்ணினாள். "அப்படியே படிக்க வேண்டாம்" என்ற இடம் வந்ததும் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். பிறகு அந்த வரியையும் படித்தாள். அதற்குப் பிறகு வந்ததையும் ஒரு எழுத்து விடாமல் படித்தாள். "அந்த மாதிரிக் குழந்தை" என்பதைப் படித்தாள். "அதற்கு" என்று எழுதியிருக்கிறாயே, பிள்ளையை, அதையும் படித்தாள். "தையல்காரிதானே, படிக்கத் தெரிந்திருக்காது" என்பதைக் குரல் நடுங்காமல் படித்தாள். மேஸ்திரி என் கட்டிலுக்கடியில் நூல்கண்டை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

படித்து முடித்துத் தாளை நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள். "பதில் எழுதணுமா ஐயா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான் கேட்டாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உன்னைத் திட்டியிருந்தால் நானும் சேர்ந்து திட்டியிருப்பேன்.

"வேற யாரையாவது கூப்பிட்டு எழுதிக்கிறேன்மா, நீ எழுத வேணாம்" என்றேன். "வேண்டாம் ஐயா. வேற யாராவது எழுதினா பக்குவமா எழுதிடுவாங்க" என்றாள். இப்போதும் அவள்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் கத்துவது தெருமுனை வரைக்கும் கேட்கிறது என்கிறாள். கேட்கட்டும்.

படம் எடுத்தாயா? எடுத்து மாட்டினாயா? சிரிக்கிற பிள்ளையை வாசலில் மாட்டிவிட்டு, தனியாகக் கை தட்டுகிற பிள்ளையைப் பாய் கட்டோடு பாயாக உள்ளே வைத்தாயா? வாசலில் மாட்டியதற்கு மட்டும் இடம் இருந்ததா? நாளைக்கு நிர்வாகக் குழு மறுபடி வந்தால் தூசி தட்டி எடுத்துக் காட்டுவாயா?

சமாளிக்க முடியாது என்கிறாய். முப்பது வருஷம் பள்ளிக்கூட வண்டி மிதித்தவன் நான். எதிரும் புதிருமாகப் பலகை போட்டு ஒன்பது பிள்ளைகளை ஏற்றுவேன். அதில் ஒருத்திக்குக் கண் தெரியாது. மேடு வந்தால் பக்கத்துப் பையன் அவள் கையை அமுக்குவான், பள்ளம் வந்தால் கிள்ளுவான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு முதுகில் கண்ணா இருக்கிறது? அதுகளே பேசிவைத்துக்கொண்டதுகள். பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கத் தெரியும். இடம் இல்லை என்று சொல்லத்தான் படிப்பு வேண்டும் போலிருக்கிறது.

உன் அக்கா இருந்தாளே, பெரியவள். நடக்க முடியாதவள், வாய் திக்கித் திக்கிப் பேசினவள். தினமும் காலையில் வண்டியின் முன்பலகையில் உட்கார்ந்து வருவாள். எல்லாப் பிள்ளையும் இறங்கி உள்ளே போகும். அவள் மட்டும் வண்டியிலேயே உட்கார்ந்து திரும்பி வருவாள். நீ உள்ளேயிருந்து கையாட்டுவாய். அவளை இந்த உலகம் வாசலிலேயே நிறுத்திவிட்டது. அவளோடு கூடப்பிறந்தவள் நீ. அவள் தட்டில் சாப்பிட்டவள். உன் கையாலா இன்னொரு பிள்ளைக்கு இது நடக்க வேண்டும்?

தையல்காரம்மா எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடமாட்டாள். வகுப்பில் பிள்ளையை உட்கார வைக்கிறாயா இல்லையா, அதை மட்டும் எழுது.

அப்பா. இடது பெருவிரல் ரேகை. அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது, ஒட்டுப்போட்டு அனுப்பியிருக்கிறாள்.


ஜூன் 27

அப்பாவுக்கு,

முதலில், இதைப் படிக்கிறவருக்கு. உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நான் எழுதியது நீங்கள் படிக்கவேண்டியது இல்லை. யாருமே படிக்கவேண்டியது இல்லை, எழுதவும் கூடாதது. ஆனால் முடிவை என்னால் மாற்ற முடியாது.

அப்பா, அந்த வகுப்பு டீச்சருக்கு வயது இருபத்திரண்டு. சாப்பிடப் போனால் வகுப்பைப் பார்க்க ஆள் இல்லை. இன்னொரு டீச்சர் வேண்டும் என்று மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். சிரித்துவிட்டுப் போகிறார்கள். பிப்ரவரியில் அந்த நடைச்சட்டம் சாய்ந்து ஒரு குழந்தையின் கால்விரல் நசுங்கியது. அப்போது அந்தப் பெற்றோர் முன்னால் நின்று திட்டு வாங்கியது நான். தூக்கத்தில் ஒரு குழந்தைக்கு மூச்சு முட்டினால் ஜெயிலுக்குப் போவது நிர்வாகக் குழு இல்லை, நான். வண்டி மிதித்தவருக்கு இது புரியாது என்று சொல்லமாட்டேன். நன்றாகவே புரியும். உங்களுக்குப் புரிந்த அளவுக்கு யாருக்கும் புரியாது.

ஏனென்றால், அக்காவை வாசலில் நிறுத்தியது உலகம் இல்லை அப்பா. தையல்காரம்மா, இதை விடாமல் படியுங்கள். தயவுசெய்து ஒரு வரியும் விடாதீர்கள்.

அக்கா உள்ளே வந்தாள். நான் பாலர் வகுப்பில் சேர்ந்த வருஷம், ஒற்றைச்சடை டீச்சர் "வண்டியில உக்காந்து என்ன பண்றா, உள்ள விடுங்க" என்று தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார வைத்தாள். அக்காவுக்கு ஏழு வயது, எனக்கு நாலு. பதினோரு நாள். என் வாழ்க்கையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தது அந்தப் பதினோரு நாள்தான். களிமண்ணில் எனக்குப் பாம்பு செய்யத் தெரியும், அவளுக்கு மாடு செய்யத் தெரியும். என்னைவிட அவள் கெட்டிக்காரி என்று டீச்சர் எல்லாருக்கும் எடுத்துக் காட்டினாள்.

பன்னிரண்டாம் நாள் பெரிய டீச்சர் உங்களைக் கூப்பிட்டு, "வண்டி ஓட்டணுமா, பொண்ணு படிக்கணுமா, ஒண்ணு சொல்லு" என்று கேட்டாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வகுப்புக்குள் வந்தீர்கள். நான் சிரித்தேன், என்னைப் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று. நீங்கள் அக்காவைத் தூக்கினீர்கள். அவள் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டாள். மேசையும் அவளோடு இழுபட்டு வந்தது. ஒற்றைச்சடை டீச்சர் "விடுங்க, விடுங்க" என்று அழுதாள். சோற்றுத் தூக்கோடு வந்த அம்மா வாசலில் நின்று பார்த்தாள். நீங்கள் அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தீர்கள். அவசரப்படாமல் பிரித்தீர்கள்.

அப்புறம் வண்டி ஓடியது. அந்த வண்டியில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், படித்தேன், இந்த நாற்காலிக்கு வந்தேன். எனக்கு உபதேசம் செய்ய யாருக்கும் உரிமை உண்டு. உங்களுக்கு இல்லை.

ஜூலை ஒன்றாம் தேதி முதல் அந்தக் குழந்தையை அனுமதிக்கக் கூடாது என்று உத்தரவு போய்விட்டது. கையெழுத்து என்னுடையதுதான்.

சின்னவள்


ஜூலை 3

சின்னவளே,

படித்தாள். ஒரு வரி விடவில்லை. மேசைக்கால் வந்த இடத்தில்தான் குரல் நின்றது. உன் முதல் கடிதத்துக்குக்கூட அவளுக்கு நிற்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். "நிஜமா ஐயா?" என்றாள். "நிஜம்தான். படி" என்றேன்.

நீ எழுதியதில் ஒரு தப்பு உண்டு. அவசரப்படாமல் பிரித்தேன் என்கிறாய். என் கை நடுங்கியது. நடுங்கினால் அவள் விரல் மடங்கி ஒடிந்துவிடும் என்று மெதுவாகப் பிரித்தேன். அது எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. நடந்தது நடந்தபடி இருக்கட்டும் என்று சொல்கிறேன். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, அன்றைக்கு எந்தச் சட்டை போட்டிருந்தேன் என்றுகூடத் தெரியும். உலகம் நிறுத்திவிட்டது என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது பழகிவிட்டது. பொய்யை உரக்கச் சொல்கிறவனுக்குக் காது மந்தமானது நியாயம்தான்.

வண்டி போனால் மூன்று வயிறு காயும், நீயும் படிக்கமுடியாது என்று அன்றைக்குச் சொன்னேன். நீயும் காரணம் எழுதியிருக்கிறாய். உன் காரணமும் பொய்யில்லை. என் காரணமும் பொய்யில்லை. அதுதான் எனக்குக் கோபம். பொய்க் காரணமாக இருந்தால் காறித் துப்பிவிட்டுப் போகலாம்.

ஜூலை ஒன்றாம் தேதி என்ன நடந்தது என்று கேள். தலைமை டீச்சர் உனக்கு ஒரு விதமாகச் சொல்லியிருப்பாள்.

காலையில் மேஸ்திரியும் நானும் கிளம்பினோம். தையல்காரம்மா பின்னால் வந்தாள். வாசல்காரன் உன் தாளைக் காட்டினான். "எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா" என்றேன். தையல்காரம்மாவிடம் நீட்டினான். அவள் வாங்கி, உன் கையெழுத்து வரைக்கும் உரக்கப் படித்தாள். பிள்ளைகளை விட வந்த தாய்மார் அத்தனை பேரும் நின்றார்கள். அவர்களுக்குத் தலைக்கு மேலேதான் மேஸ்திரி படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி படத்தைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். "இந்தக் குழந்தையையா வரக்கூடாதுங்கறாங்க?" என்றாள். பிப்ரவரியில் விரல் நசுங்கிய பிள்ளையின் தாயாம். தையல்காரம்மா சாமான் அறையையும் வெங்காயத்தையும் சொன்னாள். அந்தத் தாய்க்கு இன்னும் கோபம் ஆறவில்லை. "எம் பையன் விரலுக்கு நான் திட்டினேன்தான். அதுக்காக வெங்காயத்தோட வெக்கச் சொன்னேனா?" என்று வாசல்காரனைப் பிடித்துக்கொண்டாள். அவன் வழிவிட்டுவிட்டான்.

மேஸ்திரி சாமான் அறைக் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டொக் டொக் என்று நேரே வகுப்புக்குள் போனாள். ஒரு பொடியன் நாற்காலியை நகர்த்தினான்.

"எங்க போயிருந்த?"

"வெங்காயம்."

"எனக்கு வெங்காயம் புடிக்காது."

"எனக்கும்."

அவ்வளவுதான் பேச்சு, தையல்காரம்மா என் காதில் சொன்னாள். இரண்டு பேரும் களிமண்ணைப் பங்கு போட ஆரம்பித்துவிட்டார்கள்.

தலைமை டீச்சர் ஓடிவந்தாள். அந்த இருபத்திரண்டு வயசுப் பெண்ணைக் கையமர்த்திவிட்டு என்னிடம் வந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள், குனிந்து, என் காதில். "பெரியவரே, நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க. நீங்களே தூக்கிட்டுப் போயிடுங்க. நாங்க தொட்டா அழும், பிரச்சினையாகும். உங்ககிட்டன்னா வரும்."

சின்னவளே, அதே வார்த்தை. பெரிய டீச்சரும் அன்றைக்கு அதைத்தான் சொன்னாள். உன்னிடம் என்றால் வருவாள் என்றாள். வந்தாளா?

"முடியாதும்மா" என்றேன்.

"ஏன்?"

"என் கைக்கு அந்த வேலை தெரியும். அதனாலதான்."

நின்றால் தூக்கிவிடுவேனோ என்று எனக்கே பயம். பக்கத்தில் கிடந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. "முதல்ல என்னைத் தூக்க ரெண்டு ஆள் கூப்பிடுங்க, அப்புறம் அவளைப் பத்திப் பேசலாம்" என்றேன். பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. அந்தச் சின்ன டீச்சரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பாவம், அவளுக்கு உதவிக்கு ஆள் இல்லை என்றாயே, இப்போது இருக்கிறது. விரல் நசுங்கிய பிள்ளையின் தாய் நேற்று ஒருமணி நேரம், இன்று ஒருமணி நேரம் வந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் மூன்று நாளாக அந்த நாற்காலியில்தான் இருக்கிறேன். மூக்குத் துடைக்கிறேன், செருப்பு மாட்டிவிடுகிறேன். படிக்காதவன் செய்யக்கூடிய வேலை அங்கே நிறையக் கிடக்கிறது. இது வழி என்று சொல்லவில்லை. கிழவன் எத்தனை நாள் வருவான்? இன்னொரு டீச்சரை நீதான் கொண்டுவர வேண்டும், சிரித்துவிட்டுப் போகிறவர்கள் முகத்துக்கு நேரே நின்று. சிரிக்கிறார்களா என்று பார்ப்போம்.

தலைமை டீச்சர் உனக்குப் போன் போட்டாள். நீ எடுக்கவில்லை. "மேற்பார்வையாளர் வந்து முடிவு பண்ணட்டும்" என்று விட்டுவிட்டாள். ஆகவே நீ வரவேண்டியிருக்கும். வா. அப்பாவைப் பார்க்க என்று வராதே, வேலையாக வா. உன் உத்தரவோடு வா. ஆனால் ஆயாவை அனுப்பாதே, வாசல்காரனை அனுப்பாதே. நீயே உள்ளே வந்து, அவளை நீயே தூக்கு. அவள் எதைப் பிடித்துக்கொள்வாள் என்று உனக்குத் தெரியும். எப்படிப் பிரிப்பது என்றும் பார்த்திருக்கிறாய்.

எனக்கு உபதேசம் செய்ய உரிமை இல்லை என்றாய். சரி, ஒப்புக்கொள்கிறேன். இது உபதேசம் இல்லை. அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை எண்ணிப் பார்த்தேன், அவ்வளவுதான். மற்றப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துவிட்டு மறந்திருக்கும். பெரிய டீச்சர் மாரடைப்பில் போனாள், அவள் சாவுக்கு நான்தான் வண்டியில் நாற்காலி ஏற்றிப்போனேன். ஒற்றைச்சடை டீச்சர் அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டாள். கல்யாணமாகிப் போன ஊரில் காமாலையில் போய்விட்டாள் என்று அவள் தம்பி சொன்னான். உன் அக்கா பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போனாள். வாசலில் தூக்கோடு நின்ற உன் அம்மா சாகும்வரை அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைக் கணக்கில் சேர்க்காதே, செய்தவன் சாட்சியாக முடியாது. கண்ணால் பார்த்து, நெஞ்சில் வைத்திருந்து, இன்னும் உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான்.